கை வைத்துக் காட்டுதல்

சங்கனூர்ப் பள்ளம் என்கிற ஓடையை ஒட்டிய பட்டறை வீதியில், முலாம் பூசும் தொட்டிகளுக்கு நேர்க் கரன்ட் கொடுக்கும் ரெக்டிஃபயர் மெஷின் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெஷினை வாங்க வந்தவர் முன்னால் சுவிட்சைப் போட்டு, அதன் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு செம்புப் பட்டைகளையும் செய்தவரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சிரித்தபடி நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடக்கூடிய பட்டைகள்தான், ஆனால் அழுத்தம் எட்டு வோல்ட்டோ பத்து வோல்ட்டோதான், மனிதத் தோலைத் தாண்டி உள்ளே வர அது போதாது என்பது வீதியில் எல்லோருக்கும் தெரியும், வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது, ஆகவே அவர்கள் ஒரு அடி பின்வாங்கி, பிறகு வெட்கப்பட்டு முன்னால் வருவார்கள். இதற்குக் கை வைத்துக் காட்டுவது என்று பெயர். கை வைத்துக் காட்டாத மெஷினை அந்த வீதியில் யாரும் வண்டியில் ஏற்றியதில்லை.

குணசீலன் அந்த வீதியில் கேள்வி கேட்கிற ஆள் என்று பெயர் வாங்கியிருந்தான். நிக்கல் முலாம் பூசுகிறவர் ஒருவர் வந்து ஒரு ரெக்டிஃபயர் வேண்டும் என்றால், தொட்டி எத்தனை அடி, ஒரு நேரத்தில் எத்தனை உருப்படி தொங்கும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், பட்டறையில் வெக்கை எப்படி என்று கேட்டுக்கொண்டே போவான், வந்தவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அடுத்த பட்டறையில் ஆர்டர் கொடுத்துவிடுவார். அவன் செய்த மெஷின்கள் எதுவும் திரும்பி வந்ததில்லை, ஆட்களும் திரும்பி வந்ததில்லை. "கொஞ்சம் கம்மியாக் கேளுங்க மாமா," என்று அவன் மனைவி சுகந்தி ஒரு நாள் சொன்னாள். "வர்றவங்க பரீட்சைக்கா வர்றாங்க?" அவள் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள், நாள் முழுக்க மனிதர்கள் கேள்வி இல்லாமல் பொருளை எடுத்துப் போவதைப் பார்க்கிறவள்.

அதற்கு அடுத்த வாரம் அவிநாசியப்பன் வந்தார். திரை போட்ட ஒரு வேனிலிருந்து இறங்கி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பட்டறைக்குள் கோயிலுக்குள் வருவதுபோல வந்து நின்றார். பெரிய கரன்ட் மெஷின் ஒன்று வேண்டும் என்றார்.

"எத்தனை ஆம்பியருங்க?"

"நெறைய."

"நெறையன்னா, ஆயிரமா, மூவாயிரமா?"

"கொறைன்னு யாரும் சொல்லீரக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

"வோல்ட்டு?"

"சாதுவா இருக்கோணும். வீட்ல பயந்துக்குவாங்க."

குணசீலன் பென்சிலை மேசையில் வைத்தான், மறுபடி எடுத்தான். "எதுக்குங்க மெஷினு? முலாம் பூசறதுக்கா, பேட்டரிக்கா? இந்தப் பக்கம் கரன்ட் வருது, அந்தப் பக்கம் எதுக்குள்ள போகோணும்?"

அவிநாசியப்பன் கூரையைப் பார்த்து யோசித்தார். யோசித்தது உண்மையான யோசனை என்பது முகத்தில் தெரிந்தது. "அது பொறவு தெரியுமுங்க," என்றார். "மொதல்ல கரன்ட் இருக்கட்டும்."

இன்னும் கேட்க அவனிடம் பத்துக் கேள்விகள் இருந்தன, அவை வாய்வரை வந்தன, சுகந்தி சொன்னது அவற்றுக்குக் குறுக்கே வந்து நின்றது. அவன் வாயை மூடிக்கொண்டான். படம் வரைந்தபோது டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டான், டயோடுகளைப் போட்டான், அவை சூடு ஆறுவதற்கு அலுமினியத் தகடுகளையும் காற்றாடிகளையும் போட்டான், இரண்டு செம்புப் பட்டைகளைக் கையகலத்துக்கு வெளியே நீட்டினான், அவற்றுக்கு அப்பால் வழக்கமாக ஒரு தொட்டியை வரையும் இடத்தில் ஒன்றும் வரையாமல் விட்டான். என்ன கேட்டாலும் குறை வராதபடி எல்லாவற்றையும் அளவுக்கு மேல் வைத்தான். எதற்கென்று தெரியாத பொருளைச் செய்கிறவனின் கை எல்லாப் பக்கமும் கூடுதலாகவே போகும், ஆகவே மெஷின் பட்டறையின் பாதியை அடைத்துக்கொண்டு எழுந்தது, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்து, என்ன குணா யானையைக் கட்டிப் போட்டிருக்கிறாய் என்று கேட்டுப் போனார்கள்.

எடுத்துப்போக வந்த நாளில் அவிநாசியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். குணசீலன் சுவிட்சைப் போட்டான். காற்றாடிகள் சுழன்றன. வழக்கமாக இந்த நேரத்தில் பட்டைகளில் வாங்குபவரின் தொட்டியோ, சும்மா சூடாவதற்கு ஒரு கம்பிச் சுருளோ மாட்டியிருக்கும். இன்று எதை மாட்டுவது என்று சொல்ல ஆள் இல்லாததால் ஒன்றும் மாட்டவில்லை. அவன் வழக்கப்படி இரண்டு பட்டைகளையும் பிடித்துச் சிரித்தான். ஆம்பியர் மீட்டரின் முள் எழுந்து, நிதானமாக, வயதானவர் படி ஏறுவதுபோல, கடைசிக் கோடு வரை போய் நின்றது. அத்தனை கரன்ட்டும் அவன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சூடு இல்லை, வலி இல்லை, கூச்சம்கூட இல்லை. கைகள் மட்டும் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் அவிநாசியப்பன். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேனுங்க." அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பின் வீதி வந்தது. முதலில் வந்தவர் எதிர்ப் பட்டறையில் முலாம் பூசுகிற ஆறுக்குட்டி. அவர் மெயின் சுவிட்சை இறக்கினார், முள் இறங்கவில்லை. ஒரு பையனைக் கம்பத்தில் ஏறச் சொல்லி ஃபியூஸைப் பிடுங்கினார்கள், வீதி முழுக்கக் கரன்ட் நின்றது, காற்றாடியும் முள்ளும் நிற்கவில்லை. விளக்கெண்ணெய் போட்டார்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள், இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். மின்வாரியத்து லைன்மேன் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, யூனிட் ஓடவில்லை, ஓடாத கரன்ட் எங்கள் கணக்கில் வராது என்று சொல்லிப் பெட்டியை மூடினார். டாக்டர் ஒருவர் கழுத்தில் நாடி பார்த்து, தனக்கே இவ்வளவு சீராக இல்லை என்றார்.

குணசீலனுக்குத்தான் காரணம் முதலில் புரிந்தது. "போற எடம் சொல்லாம விட்ட கரன்ட்டுண்ணா," என்றான் ஆறுக்குட்டியிடம். "என்னையப் புடிச்சிருச்சு. வேற எடம் காட்டினா விட்டுரும்."

ஆறுக்குட்டி தன் நிக்கல் தொட்டியிலிருந்து தடித்த கேபிளை இழுத்து வந்து பட்டைகளில் முடுக்கினார். முள் அசையவில்லை. உப்புத் தண்ணீர் டிரம்மை வைத்தார்கள், லாரி பேட்டரிகளை வரிசையாக வைத்தார்கள், தண்டவாளத் துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டார்கள். மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை. மெஷினைக் கேட்டவர் இடம் சொன்னால்தான் ஏற்கும் என்று தெரிந்தது. சுகந்தி போனை அவன் காதில் வைத்துப் பிடிக்க, அவன் அவிநாசியப்பனிடம் பேசினான். எதற்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினான். "அதேதானுங்க வீட்லயும் பேசிட்டிருக்கோம்," என்றார் அவர் அந்தப் பக்கத்திலிருந்து, மிகவும் மரியாதையாக. "முடிவு வந்ததும் நானே வர்றேன்."

முடிவு வரவில்லை, நாள்கள் வந்தன. உயரமான ஸ்டூல் ஒன்றை அவனுக்குக் கீழே தள்ளி வைத்தார்கள், அவன் உட்கார்ந்தான். தூக்கம் அவனை விட்டுப் போனது, உடம்பின் மற்ற தேவைகளும் நின்றுபோயின, அதைப் பற்றி வீதியில் யாரும் கேட்கவில்லை, சுகந்தி மட்டும் கேட்டாள். பசி கொஞ்சம் மீதியிருந்தது. முனையில் டீக்கடை வைத்திருக்கும் பேபியக்கா காலையிலும் சாயங்காலமும் வந்து டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள். "ஊதறேன் இரு, சுட்டுக்காதே. என் வீட்டுக்காரருக்குக்கூட இப்படிக் குடுத்ததில்ல, கெட்ட பழக்கம் ஆயிரும்னு," என்பாள். முடிவெட்டுகிறவர் மாதத்துக்கு ஒருமுறை வந்தார். மூக்கு அரித்தால் யாராவது வழியில் போகிறவர் உள்ளே வந்து சொறிந்துவிட்டுப் போனார், எந்தப் பக்கம் என்று கேட்கும் அளவுக்குப் பழகிப்போனார்கள்.

இதற்குள் வீதி ஒன்றைக் கவனித்தது. ஊர் முழுக்க மின்சாரம் நின்றாலும் பட்டறை வீதியில் நிற்கவில்லை. லேத்துகள் திணறாமல் ஓடின, பழைய மோட்டார்கள் புதிதுபோல முனகின, ஆறுக்குட்டியின் தொட்டியிலிருந்து வெளியே வந்த கைப்பிடிகளில் முகம் பார்த்துப் பவுடர் போடலாம் என்று பெண்கள் சொன்னார்கள். செல்போனை மெஷினின் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் அது வாரம் முழுக்கத் தாங்கியது, அதனால் சாயங்காலங்களில் அதன் தலையில் போன்கள் அப்பளம் காய்வதுபோலப் பரந்து கிடந்தன, அவற்றை எடுக்க வருகிறவர்கள் அவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள், பேசாமல் போனால் நன்றாயிருக்காது என்று. மூட்டுவலிக்காரர்கள் வந்து அருகில் நின்றார்கள். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணின் அப்பா ஒருவர் எதற்கென்று தெரியாமலேயே வந்து நின்றார்.

ஆரம்பத்தில் ஆறுக்குட்டி தினமும் அவிநாசியப்பனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பிறகு விட்டு விட்டுச் செய்தார். ஒரு நாள் குணசீலன் நினைவுபடுத்தியபோது, "அவுங்க பெரிய எடம் மாப்ளே, தொந்தரவு பண்ணிட்டே இருந்தா என்ன நெனப்பாங்க," என்றார். "உனக்கு இங்க என்ன கொறை, சொல்லு? வெயில் இல்ல, மழை இல்ல. நானெல்லாம் ஆசிட்டுல நிக்கறேன்."

"எறங்கி நடக்கோணும்ணா."

"நடந்து எங்க போகப் போறே? எல்லாந்தான் இங்க வருதே."

ஆயுத பூஜை வந்தது. பட்டறை பட்டறையாகக் கழுவி, வாழை கட்டி, லேத்துக்கும் டிரில்லுக்கும் வெல்டிங் மெஷினுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர்கள், குணசீலனின் பட்டறைக்கும் வந்தார்கள். மெஷினின் நெற்றியில் மூன்று இடத்தில் வைத்தார்கள், செம்புப் பட்டைகளில் வைத்தார்கள், அதே வரிசையில், அதே விரலால், அவன் நெற்றியிலும் வைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவனும் வாகாகத் தலையை நீட்டியிருந்தான். சாயங்காலம் சுகந்தி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அந்தப் பொட்டைப் பார்த்தாள், கழுத்தில் கிடந்த சாமந்தி மாலையைப் பார்த்தாள், முந்தானையால் நெற்றியை அழுந்தத் துடைத்தாள், தோல் சிவக்கும்வரை துடைத்தாள்.

"நான்தான் வாய மூடச் சொன்னேன்," என்றாள்.

"கொஞ்சமாக் கேக்கத்தானே சொன்னே. ஒண்ணுமே கேக்காம விட்டது நானு."

"வீட்ல உங்க பக்கத்துப் பாய விரிச்சுத்தான் வெக்கறேன் மாமா. ஒரே ஒரு ராத்திரி வந்து படுத்தீங்கன்னா போதும்."

அவன் தலையை அவள் தோளில் சாய்க்கப் பார்த்தான். கைகள் விட்ட தூரம் அதற்குப் போதவில்லை. அவள் ஒரு அடி முன்னால் வந்து தோளைக் கொடுத்தாள்.

அவிநாசியப்பன் ஒரு பகலில் வந்தார். வேன் முனையில் திரும்பியதும் வீதி வேலையை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்தது, அன்று சுகந்திக்கு வார விடுமுறை, அவளும் சாப்பாட்டுப் பையோடு அங்கே இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மெஷினையும் அதில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனையும் நிறைந்த முகத்தோடு பார்த்தார்.

"வீட்ல கேட்டேனுங்க. எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

"சொல்லுங்க," என்றான் குணசீலன். "எதுக்குங்க மெஷினு?"

"இதேதானுங்க."

"எது?"

"இப்ப இருக்குதே, இது. நீங்க புடிச்சு நிக்கறீங்களே, இந்த அமைப்பு. அன்னிக்கே மனசுல பட்டுது, சொல்லத் தெரியல. நாங்க நெனச்சது இதுதான்." அவர் திரும்பி வீதியையும் அதன் நிற்காத மோட்டார்களின் சத்தத்தையும் காட்டினார். "பாருங்க, எவ்வளவு நெறைவா இருக்குது."

அவிநாசியப்பன் தொண்டையைச் செருமி, இதுவரை அவர் வாயிலிருந்து வராத ஒன்றை, ஒரு எண்ணைச் சொன்னார். "இது இங்கயே இருக்கட்டும். இதே மாதிரி எங்களுக்கு இன்னும் ரெண்டு வேணும்."

ஆறுக்குட்டி தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைகளின்மேல் போட்டுக்கொண்டார். லேத்துக்காரர்கள் கைகளைப் பின்னால் கட்டினார்கள். பேபியக்கா ஒரு கைக்கு ஒன்றாக டம்ளர்களைப் பிடித்திருந்தாள், இரண்டும் காலி டம்ளர்கள்.

"படம் போட எனக்குக் கை வேணுங்க," என்றான் குணசீலன்.

"ஆமா, வேணுமே," என்றார் அவிநாசியப்பன் வருத்தத்தோடு. "அப்ப இப்படிப் பண்ணலாமுங்க. இவங்கள்ல யாராச்சும் ஒருத்தர் வந்து இதப் புடிச்சுக்கட்டும். நீங்க எறங்கி அந்த ரெண்டையும் செய்யுங்க."

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போதே குணசீலனின் இடது சுண்டுவிரல் செம்பிலிருந்து எழுந்தது. அத்தனை காலத்துக்குப் பிறகு அதில் காற்று பட்டது. அடுத்து மோதிர விரல் தளர்ந்தது. அவன் எழுந்த விரலையே பார்த்தான், வீதியும் பார்த்தது, பார்த்தபடியே ஒவ்வொருவராக வாசல் பக்கம் நகர்ந்தார்கள், ஆறுக்குட்டி தனக்குச் சர்க்கரை இருப்பதாகவும், கரன்ட்டுக்கு ஆகாது என்றும் யாரும் கேட்காமலேயே சொன்னார். சுகந்தி மட்டும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, வளையல்களைக் கழற்றிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"கிட்ட வராதே," என்றான் குணசீலன்.

"செத்த நேரந்தானே மாமா. நீங்க நடங்க. வீட்டுக்குப் போயிட்டு வாங்க. அப்பறம் மாத்திக்கலாம்."

"யாரு வந்து உன்கிட்ட மாத்திக்குவா? பாத்தியா இவங்கள? நாளைக்கு உனக்கும் பொட்டு வெப்பாங்க சுகந்தி."

அவள் நிற்கவில்லை. அவன் எழுந்த விரல்களை மறுபடி மடக்கிச் செம்பின்மேல் அழுத்தினான், அவை வர மறுத்தன, கதவிடுக்கில் கையைக் கொடுப்பவனைப்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். பிறகு அவிநாசியப்பனைப் பார்த்துச் சொன்னான்:

"இன்னும் ரெண்டு செய்ய முடியாதுங்க. இது தவறிப்போய் அமைஞ்சது. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. திரும்பச் செஞ்சா வராது."

அது பொய். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகள், டயோடுகளின் வரிசை, பட்டைகளுக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளி, கடைசி நட்டு வரை எல்லாம் அவன் தலையில் இருந்தன, ஒரு மாதத்தில் இரண்டையும் எழுப்பிவிடுவான்.

"அப்படீங்களா," என்றார் அவிநாசியப்பன். கூரையைப் பார்த்து உண்மையாக யோசித்தார். "சரி. வீட்ல கேட்டுப் பார்க்கறேனுங்க." வேன் போனது. விரல்கள் ஒட்டிக்கொண்டன.

மறுநாள் காலையில் ஆறுக்குட்டி கொத்தனாரையும் ஒரு வண்டி செங்கல்லையும் கூட்டி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "எங்களுக்காகத்தான் முடியாதுன்னு சொல்லிட்டே மாப்ளே," என்றார். "அந்த ஆளு நாளைக்கு மனசு மாறி மெஷினோட உன்னையத் தூக்கிட்டுப் போயிட்டா? விட மாட்டோம். தகரக் கொட்டாய்ல நீ இருந்தது போதும்." தகரத்தை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். நல்ல சுவர், சிமென்ட் தாராளமாகப் போட்ட சுவர். வாசலை, கையில் டம்ளரோடு ஒரு ஆள் வந்துபோகும் அகலத்துக்கு விட்டார்கள். அந்த அகலத்தில் மெஷின் இனி எந்தக் காலத்திலும் வெளியே போகாது என்பதைக் குணசீலன் முதல் நாலு வரிசை எழும்போதே கணக்குப் போட்டுவிட்டான். சுகந்தியும் பார்த்தாள். அவள் ஆறுக்குட்டியோடு அதற்குப் பிறகு பேசவில்லை.

"ஜன்னல் ஒண்ணு வெச்சர்றேனுங்க," என்றார் கொத்தனார். "எப்படி வேணும்?"

குணசீலன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தெளிவாகச் சொன்னான்: ரோட்டுப் பக்கத்துச் சுவரில், மூலையிலிருந்து நாலு அடி தள்ளி, அகலம் இரண்டரை, உயரம் மூன்று, அடிக்கட்டை தரையிலிருந்து சரியாக இரண்டேகால் அடி. அதற்கு மேல் ஒரு செங்கல்கூட ஏறக்கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் என் கண் இந்த மட்டத்தில் வருகிறது, பஸ் நிற்கிற இடம் அங்கே, அவள் இறங்கி நடந்து வருவது கால் முதல் தெரிய வேண்டும். கொத்தனாரைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். அவர் ஒரு பிழை இல்லாமல் திருப்பிச் சொன்னார்.

செங்கல் வரிசை எங்கே வந்து முடிந்ததோ அங்கே ஜன்னலை வைத்துவிட்டுப் போனார். அது இரண்டு முழம் மேலே ஏறியிருந்தது. அதன் வழியாகக் கம்பத்தின் தலையும், கம்பிகளும், பஸ் வந்தால் அதன் கூரையும், மேலே வானமும் தெரிந்தன. நன்றாயிருக்கிறது, வெளிச்சம் நிறைய வருகிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் பஸ் கூரை வந்து நின்று, நகர்ந்து போனது. ஜன்னலில் ஒன்றும் இல்லை. பிறகு அதன் அடிக்கட்டைக்கு மேல் ஒரு கை மட்டும் தெரிந்தது, நன்றாக உயர்த்திய கை, வளையல் முழங்கைக்குச் சரிந்திருந்தது. அது ஜன்னலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அசைந்தபடியே, அவசரமில்லாமல் போனது. குணசீலன் இரண்டு பட்டைகளையும் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.